நகலில் விழுந்த வெள்ளை

2008 பிப்ரவரி 21, வியாழக்கிழமை. காலை 6.40.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து அன்பரசன் ஸ்கிப்பிங் கயிற்றோடு இறங்கி வந்தான். கீழே போலீஸ் ஜீப் நின்றிருந்தது. திருவொற்றியூர் இரும்புச் சாமான் வியாபாரி தேவப்பிரியத்துக்கு முந்தின நாள் ஒரு போன் வந்ததாம். பணம் வராவிட்டால் கிடங்கு எரியும் என்று மிரட்டலாம். அந்த எண் அன்பரசன் பெயரில் பதிவாகியிருந்தது. தன்னுடைய எண் அதுவல்ல என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் மூலக்கொத்தளம் தாண்டிவிட்டது.

வருகிற திங்கட்கிழமை அவன் ரயில்வேயில் வேலைக்குச் சேர வேண்டியவன். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். எட்டு வருடம் குத்துச்சண்டை மேடையில் மூக்கிலும் முகத்திலும் குத்து வாங்கியதற்கு வந்த ஒரே கூலி. அவனுடைய நன்னடத்தைத் தாள் வியாசர்பாடி நிலையத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவன்மேல் ஒரு வழக்குப் பதிவானால் அந்தக் கையெழுத்து விழாது. வேலை அம்போதான்.

காலை 10.20. திருவொற்றியூரில் காவல் நிலையத்துக்கு எதிரே, ஜீனத் ஜெராக்ஸ்.

கடைக்காரி ஜீனத்துக்கு நாற்பத்திரண்டு வயது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகிறவர்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தே பாதி வக்கீல் ஆனவள். கறுப்புக் கோட்டு ஒன்றுதான் பாக்கி என்று தெருவில் கேலி செய்வார்கள். நிலையத்து மெஷின் படுத்து ஆறு மாதமானதால், வழக்குக் காகிதமெல்லாம் இவள் கடைக்குத்தான் வரும்.

"ரெண்டு செட்டுக்கா. சீக்கிரம்," என்று கான்ஸ்டபிள் ஷாகுல் ஹமீது தாள்களை நீட்டினார்.

மேலே இருந்தது டிசம்பர் மூன்றாம் தேதியிட்ட சிம் கார்டு விண்ணப்பம். ஒட்டியிருந்த புகைப்படத்தில் இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி, கண் பாதி மூடியிருந்தது, அந்த லட்சணத்திலும் ஒரு சிரிப்பு. அடியில் குடும்ப அட்டையின் நகல். ஜீனத் அதை மெஷினில் வைக்கப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள். கீழே வலது மூலையில், ரேஷன் கடை எண் இருக்க வேண்டிய இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை. கொஞ்சம் சாய்ந்த செவ்வகம். அதன் ஓரத்தில் கொசு உட்கார்ந்தது போல ஒரு சின்னக் கறுப்பு வளைவு.

"தம்பி, மெஷினு தானா வெள்ள அடிக்காது. யாரோ மேல துண்டுப் பேப்பர் வெச்சு காப்பி எட்த்துகிறாங்க."

"உனுக்கு இன்னாத்துக்குக்கா? நீ போடு."

அப்போதுதான் மகிழினி வந்தாள். அன்பரசன் மனைவி. ரயில்வே உத்தரவுக்கு நகல் கொண்டு வரச் சொல்லி நிலையத்தில் அனுப்பியிருந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது.

"இந்த போட்டோ எப்டிக்கா இங்க வந்துச்சு? பைக்கு லோனுக்கோசரம் எட்த்ததுக்கா இது! மொத நாளு சண்டைல புருவம் கீஞ்சி ஏயு தையலு. மறுநாளே போட்டோ வோணும்னு ஃபைனான்ஸ்காரன் பேஜாரு பண்ணான்."

"எத்தினி எட்த்தீங்க?"

"மூணு. மூணும் அங்கயே குட்த்துட்டோம். வூட்ல ஒண்ணு வெக்கலாம்னு எம் புருசன் சொல்லுச்சு. இந்த மூஞ்சிய மாட்டுனா கொயந்த சோறு துன்னாதுன்னு நான்தான் வாணாம்னுட்டேன்."

"ரேஷன் கார்டு?"

மகிழினி பையிலிருந்து எடுத்தாள். மூலத்தில் கடை எண் முழுசாக, கொட்டை எழுத்தில் இருந்தது. ஜீனத் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

காலை 10.50. காவல் நிலையம்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்னப்பையன் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். முதல் தகவல் அறிக்கைக்காகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எதிர் பெஞ்சில் அன்பரசன் கைகளைத் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்திருந்தான். ஓங்கிவிடக் கூடாதே என்கிற பயம்.

ஜீனத் வெள்ளை விழுந்த நகலையும் மூல அட்டையையும் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"ஏம்மா, காப்பிய நீ போடு. கேஸ நான் போடுறேன்."

"போடுங்க சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவரே சிம்மு வாங்கிருந்தா, தன் கார்டுல தானே எதுக்கு மறைக்கணும்? ஒரிஜினலு இவங்க கையிலயே கீது. ஒயுங்கா காப்பி எடுத்துக் குடுத்துருக்கலாமே? இந்த போட்டோவும் பைக்கு லோனுக்கு ஃபைனான்ஸ்ல குட்த்தது சார்."

சின்னப்பையன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எந்த ஃபைனான்ஸ்?"

"கலங்கரை ஃபைனான்ஸ் சார்," என்றான் அன்பரசன்.

பகல் 12.10. கலங்கரை ஃபைனான்ஸ் கிளை அலுவலகம்.

சின்னப்பையன் ஜீனத்தையும் கூட்டி வந்திருந்தார். மேலாளர் ரகுபதி மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். பேச்சும் அப்படித்தான். கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஞானபாக்கியம் ஒரு பதிவேட்டை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் நின்றாள்.

"அன்பரசன் ஃபைலை எடுங்க," என்றார் சின்னப்பையன்.

"அவர் கடன் நவம்பர் பதினாலாம் தேதியே முடிஞ்சுது சார். முடிஞ்ச ஃபைலெல்லாம் என் அறை பீரோவில இருக்கு."

"சாவி?"

"ஒரே சாவி. என் பாக்கெட்டை விட்டு இறங்காது."

கோப்பு வந்தது. ஒவ்வொரு தாளிலும் 'கணக்கு முடிந்தது' என்று கட்டம் போட்ட முத்திரை, ஒன்று நேராக, ஒன்று கோணலாக.

"முத்திர யாரு குத்துறது?" என்று கேட்டாள் ஜீனத்.

"நானேதான். வேற யாரையும் தொட விடமாட்டேன். குத்தின கையோட பூட்டிடுவேன்."

"ஆமா சார். நான் ஃபைலக் குடுத்துட்டு, இதுல கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்துருவேன்," என்று ஞானபாக்கியம் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். நவம்பர் 14, அன்பரசன், பெற்றுக்கொண்டேன், ரகுபதி.

"ஃபார்ம்ல ரெண்டு போட்டோதான் கீது. மூணாவது எங்கம்மா?" என்று கேட்டாள் ஜீனத்.

"எல்லா ஃபைல்லயும் பின்னட்டைல பின் அடிச்சிருக்கும்." ஞானபாக்கியம் திருப்பிப் பார்த்தாள். துருப்பிடித்த பின் மட்டும் இருந்தது. படம் இல்லை.

ரகுபதி தடுமாறவே இல்லை. "எனக்குத் தெரியும் சார், இது ஜோபின் வேலை. வசூலுக்குப் போற பையன். செப்டம்பர் கடைசியில வேலையை விட்டு நிறுத்தினேன். போறதுக்கு முன்னால எடுத்திருக்கான். இப்ப எண்ணூர்ல எங்கயோ வேலை பாக்குறான், பிடிங்க."

"போறதுக்கு முன்னாலதான் எடுத்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க கொண்டுவந்த காப்பியைப் பாருங்க சார். எங்க முத்திரை இருக்கா? இல்லையே! நவம்பருக்கு அப்புறம் இந்த ஃபைல்ல எடுத்த எந்தக் காப்பியிலயும் முத்திரை இல்லாம இருக்காது. வெளிய போனவன் செஞ்ச திருட்டுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை மேடை போட்டுக் கத்தியது.

"சார் சொல்றது நூத்துக்கு நூறு கரீட்டு," என்றாள் ஜீனத். கோப்பிலிருந்த குடும்ப அட்டை நகலை எடுத்து ஜன்னல் கண்ணாடிமேல் வைத்தாள். அதன்மேல் சிம் விண்ணப்பத்தோடு வந்த நகலைப் பொருத்தினாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"இப்டி வந்து பாருங்க."

அடித்தாளின் வலது மூலையில் முத்திரை சாய்ந்து விழுந்திருந்தது. மேல்தாளின் வெள்ளை அதே சாய்வில், அதே நீளத்தில், அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் துண்டுக் காகிதம் நழுவியிருந்தது. முத்திரைக் கட்டத்தின் வளைந்த மூலை அங்கே எட்டிப் பார்த்தது. அதுதான் அந்தக் கறுப்பு வளைவு.

"முத்திர இல்லாத தாளா இருந்தா மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. இதுல மறைச்சிகிது. அப்போ முத்திர குத்துன அப்பறம்தான் காப்பி எட்த்துகிறாங்க. ஜோபின் செப்டம்பர்லயே பூட்டான். முத்திர விழுந்தது நவம்பர்ல. அன்னிலேர்ந்து இந்தத் தாளு உங்க பீரோவுக்குள்ள. சாவி உங்க பாக்கெட்டுல. ஜோபினும் இல்ல, ஞானபாக்கியமும் இல்ல, அன்பரசனும் இல்ல. நீங்கதான் சார்."

ரகுபதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மடிப்பு முதல் தடவையாகக் கலைந்தது.

"சிம் கடைக்காரன் மாசத்துக்கு இத்தனை கார்டுன்னு கணக்குக் காட்டணுமாம். பேரும் படமும் கார்டு காப்பியும் மட்டும் கேட்டான். முடிஞ்சுபோன கடன்தானே, யார் வந்து கேக்கப் போறாங்கன்னு..."

"நான் கேக்க வந்துட்டேன்ல?" என்றான் அன்பரசன் வாசலிலிருந்து. கோப்பை அடையாளம் காட்டச் சின்னப்பையன் அவனையும் கூட்டி வந்திருந்தார்.

பீரோவைக் கவிழ்த்துப் பார்த்தபோது நாற்பத்தொரு கோப்புகளில் மூன்றாவது படம் இல்லை. எல்லாம் ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களின் கோப்புகள். பாக்கி வைத்தவன் தப்பித்தான், நேர்மையாகக் கட்டியவன் மாட்டினான். இந்த ஊர் நியாயத்தை நினைத்து ஜீனத்துக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மாலை 4.15. ஜீனத் ஜெராக்ஸ்.

சிம் கடைக்காரன் பிடிபட்டு, காகிதம் கேட்காமல் அந்தக் கார்டை யாருக்கு விற்றானோ, மிரட்டல் போன் செய்த அந்த ஆளையும் காட்டிக்கொடுத்திருந்தான். சின்னப்பையன் வியாசர்பாடி நிலையத்துக்குத் தானே போன் போட்டு, "பையன்மேல ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்று சொல்லியிருந்தார். இதற்குள் கலங்கரையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ஒரு தாளும் பணம் போட்ட ஒரு கவரும் வைத்துவிட்டுப் போயிருந்தார். 'எனக்கு எந்தப் புகாரும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் கவர் அன்பரசனுக்கு.

"போட்டுட்டா முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டான் அவன்.

"உன் வாய் அடைஞ்சிரும். ரகுபதி மேல கேச போலீசு பாத்துக்கும். மோசடி, போலி ஆவணம். ஆனா அது அவன உள்ள தள்றதோட சரி. உன் காகிதத்தப் பத்திரமா வெக்கல பாரு, அது கம்பெனியோட சேவைக் குறைபாடு. நுகர்வோர் மன்றத்துல நஷ்ட ஈடு கேக்கலாம். வக்கீல் வோணும்னு இல்ல, ரெண்டு வருசம் டைம் கீது. ரிசர்வ் பேங்குக்கு ஒரு புகார், உன் பேர்ல வேற நம்பர் ஓடுதான்னு எல்லா போன் கம்பெனிக்கும் ஒரு லெட்டர்."

"கடன்தான் முடிஞ்சிருச்சே, நீ எங்க கஸ்டமரே இல்லம்பானே?"

"கடன் முடிஞ்சா காகிதத்தத் திருப்பிக் குட்த்தானா? வெச்சிருக்கற வரைக்கும் பொறுப்பு அவன்துதான். கம்ப்யூட்டர் சட்டம்னு ஒண்ணு கீது, ஆனா அது பீரோல இருக்கற பேப்பருக்கு வராது. நமக்கு இந்த மன்றத்துக் கதவு போதும்."

மகிழினி கவரை எடுத்து, பிரிக்காமல், தாளுக்கு மேலே வைத்து இரண்டையும் ஜீனத் பக்கம் தள்ளினாள். "மீதி நாப்பது பேரும் யாருன்னே நமக்குத் தெரியாதுக்கா. அவங்க வூட்டுக்கும் ஒரு நாளு ஜீப் வரும்ல?"

"ஒரே மாதிரி பாதிச்சவங்க எல்லாருக்குமா ஒருத்தர் மனு போடலாம். மன்றத்துல அனுமதி கேக்கணும், அவ்ளோதான்."

"அப்போ எல்லாருக்கும் போடுக்கா," என்றான் அன்பரசன்.

ஜீனத் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்தாள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அதட்டலாகவே கேட்டாள்.

"மனுதாரர் பேரு அன்பரசன். வயசு?"

"இருவத்தாறு."

"தொழிலு?"

வழக்கமாக அந்தக் கேள்விக்கு அவன் 'கெடச்ச வேலை' என்று சொல்லுவான். இன்று வாயைத் திறந்தான். எட்டு வருடம் எத்தனையோ குத்துக்குக் கலங்காத கண்ணில் தண்ணீர் நின்றது. மகிழினி அவன் முதுகில் கை வைத்தாள்.

"ரயில்வேன்னு அடிக்கா," என்றாள்.