ஆல்டர்மெர் மடத்தின் வடக்கு வரிசை

ஆல்டர்மெர் மடத்துக்குப் புதுத் தலைவராக வந்த சேர்லோ படகிலிருந்து இறங்கியபோது உச்சிவேளை. ஆனாலும் சதுப்பு நிலத்தின் மேல் பனிமூட்டம் கலையவில்லை. கரையில் மூன்று துறவிகள் நின்றார்கள். மடத்தில் மிச்சமிருந்ததே அந்த மூவர்தான். மற்றவர்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது.

"வாங்க சாமி. விலாங்கு வேகவச்சிருக்கோம், ஆறிடப் போகுது" என்றார் மூத்தவர் ஓஸ்பெர்ட்.

"இருக்கட்டும். பழைய தலைவர் துர்ஸ்டன் எங்கன்னு தாய்மடத்துல கேக்குறாங்களே?"

"நடுக்குளிர்ல கேன்டர்பரிக்கு யாத்திரை போனாரு. திரும்பல."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. நடுவயதுக்காரன் கெர்வாஸ் தலையைக் குனிந்துகொண்டான். இளையவன் ஏல்ரெட் ஆற்றைப் பார்த்தான்.

தலைவருக்கான அறையில் துர்ஸ்டனின் கம்பளி மேலங்கி ஆணியில் தொங்கியது. நடுக்குளிரில் யாத்திரை கிளம்பியவர் இதை விட்டுவிட்டா போவார்? சேர்லோவுக்கு மனசு உறுத்தியது. அவர் சமையலறைக்குள் நுழைந்ததும் அங்கே கிசுகிசுப்பு சட்டென்று நின்றது. கெர்வாஸ் ஊற்றித் தந்த பீரை முகர்ந்து பார்த்துவிட்டு, குடிக்காமலே கீழே வைத்தார்.

மாலைச் செபத்துக்கு மணி அடித்தது. கோயிலில் தெற்கிலும் வடக்கிலும் எதிரெதிரே இருக்கை வரிசைகள். வேதாகமச் சங்கீதத்தின் ஒரு அடியை ஒரு வரிசை பாட, மறு அடியை எதிர் வரிசை பாடுவது வழக்கம். மூன்று பேரும் தெற்கு வரிசையிலேயே ஆட்டுக்குட்டிகள் போல ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு பேர் அந்தப் பக்கம் போங்க."

"அங்க ஊதக்காத்து அடிக்கும் சாமி" என்றார் ஓஸ்பெர்ட்.

"அப்ப நானே போறேன்."

"வேணாம் சாமி..." என்று ஏல்ரெட் அவருடைய அங்கியைப் பிடித்தான்.

சேர்லோ போய் வடக்கு வரிசையில் நின்றார். தெற்கில் முதல் அடி பாடி முடிந்தது. மறு அடிக்கு அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் யாரோ பாடத் தொடங்கிவிட்டார்கள்.

அவருக்குப் பக்கத்திலேயே.

கரகரத்த குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. பழுத்து உடைந்த கட்டியின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. சேர்லோ திரும்பவில்லை. எதிரே இருந்த மூவரையே பார்த்தார்.

அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செபம் முடிந்ததும் ஓஸ்பெர்ட்டின் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்.

"கொன்னுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சாமி!" கிழவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவருக்கு அக்குள்ல கட்டி வந்துடுச்சு. எங்களுக்கும் தொத்திக்கும்னு பயம். வடக்கு வரிசைக்குப் பின்னால பூசைத்துணி வைக்கிற அறைக்குள்ள தள்ளிப் பூட்டிட்டோம். கதவு இடுக்குல களிமண்ணு கூட அப்பினோம்."

"அப்புறம்?"

"உள்ள இருந்தே பாடினாரு. நாங்க ஒரு அடி, அவர் ஒரு அடி. நாங்க நிறுத்தவே இல்ல சாமி. நிறுத்தினா... தண்ணி கேப்பாரு."

சேர்லோ கையை விட்டார். இதைத் தாய்மடத்துக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே தான் நின்றிருந்தால் திறந்திருப்போமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார்.

விடிந்ததும் அறையைத் திறந்தார்கள். துர்ஸ்டன் கதவோடு கதவாகச் சுருண்டு கிடந்தார். சேர்லோ முறைப்படி செபம் சொல்லி, அவரை மற்றத் துறவிகளின் பக்கத்தில் அடக்கம் செய்தார். கெர்வாஸ் வாய்விட்டு அழுதான். அன்று மாலை வடக்கு வரிசையில் சேர்லோவின் குரல் மட்டுமே கேட்டது.

"இனிமே வரமாட்டாரு இல்ல சாமி?" என்றான் ஏல்ரெட்.

"போய்ட்டாருப்பா. நிம்மதியா சாப்பிடு."

சனிக்கிழமை வந்தது. அந்த வாரம் சமையல் முறை பார்த்தவர் மற்றவர்களின் காலைக் கழுவவேண்டும், அது சபையின் விதி. முறை சேர்லோவுடையது. வெளிச்சம் மங்கும் நேரம், தாழ்வாரத்து பெஞ்சில் மூவரும் முக்காடு இழுத்து மௌனமாக அமர்ந்திருந்தார்கள். சேர்லோ மண்டியிட்டு, குனிந்த தலையோடு பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே போனார். ஓஸ்பெர்ட்டின் வீங்கிய கால். கெர்வாஸின் வெடித்த குதிகால். மண்வெட்டி பட்டுக் கறுத்த ஏல்ரெட்டின் கட்டைவிரல்.

முடிந்தது. துண்டைப் பிழிந்து எழப் போனார்.

தண்ணீருக்குள் இன்னொரு பாதம் இறங்கியது.

வற்றி எலும்பாய்ப் போன பாதம். நகக்கண்களில் ஈரமண். தண்ணீர் பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. பெஞ்சின் அந்தக் கோடியில் மூச்சுவிடும் சத்தமே இல்லை.

சேர்லோ நிமிரவில்லை. மண் போகத் தேய்த்தார். துடைத்தார். விதிப்படி குனிந்து முத்தமிட்டார்.

பாதம் மெல்லப் பின்வாங்கியது.

பிறகு, அதற்கும் அப்பாலிருந்து அடுத்த பாதம் நீண்டது.