மலிலு அவிழ்த்த முடிச்சுகள்

அப்பா ஆற்றின் மேல்பக்கம் வேட்டைக்குப் புறப்பட்டபோது, முடிச்சுகள் போட்ட கயிறு ஒன்றை மலிலுவிடம் கொடுத்தார். அதே போல இன்னொன்று அவர் இடுப்பில் இருந்தது.

"எத்தனை நாளுப்பா? ஒரு முழு ஆளா?"

கைவிரல், கால்விரல் எல்லாம் எண்ணி முடித்தால் அவர்கள் ஊர்க் கணக்கில் ஓர் ஆள். அவ்வளவு நாள் யாரால் பொறுக்க முடியும்?

"இல்ல, ரெண்டு கை. அப்புறம் கால்ல ரெண்டு விரல்." அப்பா அவள் கால்விரலைச் செல்லமாகக் கிள்ளினார். "தினம் காலையில ஒண்ணு அவுக்கணும். கடைசி முடிச்சு அவுக்கிற அன்னிக்கு வந்துருவேன்."

ஒரு கை நாள் ஆவதற்குள் மலிலுவுக்குப் பொறுமை போய்விட்டது. முடிச்சு தீர்ந்தால்தானே அப்பா வருவார்? சீக்கிரம் தீரட்டுமே! அன்று காலை யாரும் பார்க்காதபோது, கூடவே இன்னும் இரண்டை அவிழ்த்துவிட்டாள். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

கடைசி முடிச்சும் அவிழ்ந்த அன்று, அம்மா மரவள்ளி ரொட்டி சுட்டு அடுக்கிவிட்டுப் படகுத்துறையில் காத்திருந்தாள். சாயங்காலம் ஆகியும் அப்பா வரவில்லை. மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. பாறைகளுக்கிடையில் தண்ணீர் சுழித்தோடும் இடத்தில் போய்த் தேடுவதாகச் சொல்லி, தாசிகாலே மாமா படகைத் தள்ளினார். தன் தம்பியை அந்தத் தண்ணீரில் விட அம்மாவுக்கு மனமில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அழுதாள்.

அம்மா அழுது மலிலு பார்த்ததே இல்லை. ஓடிப்போய்ப் படகைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க மாமா. இன்னும் ரெண்டு விரல் பாக்கி இருக்கு. நான்தான் கூடுதலா அவுத்துட்டேன்."

மாமா துடுப்பைக் கீழே வைத்தார். "அடிப்பாவி," என்றார். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மலிலுவுக்கு.

அவளே இரண்டு முடிச்சுகளைத் திரும்பப் போட்டாள். பயத்தில் ரொம்பவே இறுக்கிவிட்டாள். மறுநாள் நகத்தால் நெம்பியும் அவிழவில்லை. மாமா கடித்துப் பார்த்தார். பல் வலித்ததுதான் மிச்சம். அதற்கடுத்த நாளும் முடிச்சுகள் அப்படியே இருந்தன.

அன்று மதியம் அப்பாவின் படகு வந்தது. நடந்ததை மாமா சொன்னார். அப்பா தன் வெறுங்கயிற்றையும் மகளின் கயிற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உன் கயித்துக் கணக்குப்படி நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டேனே, பாப்பா."

மலிலு ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனாலும் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாகப் பேசாமலிருந்த அம்மாவின் கை, அப்போதுதான் அவள் தலைமேல் வந்தது.