சாற்றில் வராத மருந்து

செவ்வாய்க்கிழமை என்றால் சுரப்பு மதிப்பீடு. தூத்துக்குடி பூஞ்சைக்கூடத்தில் ரெஜினா தொட்டி தொட்டியாகப் போய், சாற்றை உறிஞ்சி, வடிகட்டி, அளவுமானியில் வைப்பாள். மருந்துக் கப்பல்கள் நின்றுபோன பிறகு ஊருக்கு இதுதான் மருந்துக்கடை. நோயாளிக்கு ஒரு தொட்டி. அதில் வளரும் இழைப்பூஞ்சைக்குள் மனித மரபணு ஒன்றைப் புகுத்தியிருப்பார்கள். அந்த ஆளுக்கு வேண்டிய புரதத்தை அது சாற்றில் சுரக்க வேண்டும். தொடர்ந்து மூன்று செவ்வாய் சுரப்பு அளவு ஐந்துக்குக் கீழே போனால் பூஞ்சையை அவித்துவிட்டு, வரிசையில் அடுத்தவருக்குத் தொட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

நாற்பத்தொன்றாம் தொட்டி கீழே போய் இது மூன்றாவது செவ்வாய். அளவுமானி காட்டிய எண் ஒன்று.

தொட்டிக்கு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா? அது அவள் மகள் அமலியின் தொட்டி. இந்த மருந்து நின்றால் அமலியின் மூச்சு இரண்டு மாதம் தாங்காது.

வாசல் பெஞ்சில் மரியதாஸ் காத்திருந்தான். வரிசையில் அடுத்தது அவன் மகன்.

"முடிஞ்சிட்டாக்கா?" என்றான். "யாரு பிள்ளையோ, பாவம். அது தோக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்துருக்கேன். எனக்கு வேற வழி தெரியலக்கா."

"இன்னும் முடியல. இருங்க தம்பி."

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். சொன்னவர் பூஞ்சை வளர்த்தவர் இல்லை. இங்கே சட்டி நிறைய இருந்தது. ஒவ்வோர் இழைக்குள்ளும் அமலியின் மருந்து முட்டிக்கொண்டு நின்றது, வெளியேதான் வரவில்லை. இழைகளை அரைத்தால் வந்துவிடும். கூடவே பூஞ்சையின் வெட்டு நொதிகளும் வந்து அந்நியப் புரதத்தைக் கண்டதுண்டமாக்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் ரெஜினாதான். பெற்ற வயிறு பாடம் கேட்குமா? குளிரில் நொதிகள் அடங்கிக் கிடக்கும் என்று பனிக்கட்டியை நம்பித் தொட்டி முழுவதையும் அரைத்தாள்.

ஒன்பது.

இரண்டு மணி நேரம் கழித்து மறு அளவு எடுத்த பிறகுதான் எழுத வேண்டும் என்பது விதி. அவ்வளவு நேரமும் குப்பியைப் பனிக்கட்டிக்குள் பிடித்துக்கொண்டு, விரல் மரத்துப்போக, மாதாவே மாதாவே என்று நின்றாள்.

பூஜ்யம்.

அரைத்த பூஞ்சை இனி வளராது. வீட்டில் இருப்பது நான்கு ஊசி. மறுபடி வரிசையில் நின்றால் முறை வர இரண்டு வருடம் ஆகும்.

கதவைத் திறந்தாள். "தொட்டி காலி. நாளைக்கே பையனைக் கூட்டிட்டு வாங்க."

மரியதாஸ் எழுந்து கும்பிட்டான். போகத் திரும்பியவன் தயங்கினான். "அந்தப் பிள்ள பேரு தெரியுமாக்கா? கோயில்ல ஒரு மெழுகுதிரி ஏத்தணும்."

ரெஜினா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். விரல்களுக்கு இன்னும் உணர்வு வரவில்லை.

"அமலி" என்றாள்.