நிலை இல்லாத கதவு

அந்தக் கதவுக்கு நிலை இல்லை. கொத்தனார் மகளான ஜெபாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டில் கஞ்சத்தனம் பண்ணுவார்கள், கம்பியில் பண்ணுவார்கள், நிலை வைக்கிற விஷயத்தில் மட்டும் கையைச் சுருக்க மாட்டார்கள். இங்கே சந்துப் பக்கத்துச் சுவரை ஓர் ஆள் உயரத்துக்கு உடைத்து, உடைத்த செங்கல்லிலேயே கீலை அடித்து, ஒரு தகரக் கதவைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலடியில் படி கிடையாது. உடைத்தெடுத்த செங்கற்கள் சந்தோரமாக அடுக்கியபடியே கிடந்தன.

"இது எப்பக்கா உடைச்சது?" என்று கேட்டாள்.

"அது ஆவுது மூணு மாசம்," என்றாள் வீட்டுக்காரி ராஜகுமாரி. "இன்னாமா, தனியாவா வந்த? ஊட்டு ஆளுங்க யாரும் கூட வர்லியா?"

"இல்லக்கா. நான் மட்டும்தான்."

கதவைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டை ஜெபா பழக்கதோஷத்தில் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம் ஒட்டியது. சித்திரை வெயிலில் பருத்திப்பட்டு ஏரியே பாதிக்கு வற்றிக் கிடக்கிறது, மூன்று மாதத்துப் பூச்சு எப்படி ஈரமாக இருக்கும்? கேட்க நினைத்தாள். ஆனால் இடம் கொடுத்தவளிடம் வந்ததும் வராததுமாக நொட்டை சொல்ல மனம் வரவில்லை.

இடம் கிடைத்ததே பெரிய காரியம். காலையில் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு அரசுத் தேர்வு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், இதுதான் கடைசி. கேட் மூடிய பிறகு வருகிறவர்கள் அழுதாலும் புரண்டாலும் உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்திருந்ததால் முந்தின நாளே நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். பூந்தமல்லி ரோட்டில் லாட்ஜ்காரர்கள் சொன்ன வாடகைக்கு ஊரில் ஒரு மாதம் குடித்தனம் பண்ணலாம். வாடகை கட்டுப்படியான இரண்டு இடத்திலும், தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் இல்லை என்றார்கள். கடைசியில் தேர்வு எழுதும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் இந்த அறையின் படம் வந்தது. ஒரு ராத்திரிக்கு ஒரு பிரியாணி விலை. அதைப் பார்த்ததும் யோசிக்காமல் சரி என்று போட்டுவிட்டாள்.

ஆவடி ஸ்டேஷனிலிருந்து அவளைக் கொண்டுவந்து விட்ட ஷேர் ஆட்டோக்காரர் வேம்புலி நல்ல மனிதர். "காலைல எனக்கு அந்தப் பக்கம்தான் சவாரி கீது பாப்பா. உன்ன காலேஜ் வாசல்லயே உட்டுர்றேன். தெரு முனைல நின்னு ரெண்டு வாட்டி ஆரன் அடிப்பேன், வந்து ஏறிக்க," என்றார். தங்க இடமும் ஆயிற்று, போக வண்டியும் ஆயிற்று. ஜெபாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

அறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஃபேன், மூலையில் தடுத்துக் கட்டிய குளியலறை. ஜன்னலைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் வீட்டுக்குள் போகிற பழைய மரக்கதவு, மஞ்சள் பூசிய தேக்கு நிலையோடு, அந்தப் பக்கம் தாழிட்டிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கருகே ஒரு டம்ளர் தண்ணீர்.

"மாமியா ரூம் இது. இங்கதான் படுத்துனு இருந்தாங்க," என்றாள் ராஜகுமாரி. அவள் உள்ளே வரவில்லை, சந்திலேயே நின்று பேசினாள். "வெளக்க அணைச்சுடாத, அது பாட்டுக்கு எரியட்டும். அந்தக் கதவ மட்டும் தட்டாதம்மா. இன்னா வேணும்னாலும் போன் பண்ணு."

ஜெபா சர்ச்சுக்குப் போகிறவள். விளக்கும் தண்ணீரும் ஏதோ இவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டாள்.

இருட்டியதும் தகரக் கதவைச் சாத்தித் தாழிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் புரட்டினாள். மரக்கதவுக்கு அடியில் வீட்டு வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது, அந்தப் பக்கம் டிவியில் யாரோ ஒருத்தி ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள், கடுகு தாளிக்கிற வாசனையும் ராஜகுமாரி தன் கணவன் ஹேமநாதனையும் பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிடுகிற குரலும் அந்தக் கோட்டின் வழியாகவே உள்ளே வந்தன. தகரக் கதவில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது. தெருவிளக்கு அதன் வழியாக நுழைந்து எதிரே மரக்கதவில் பொட்டு அளவுக்கு ஒரு வெளிச்சத்தை வைத்திருந்தது. பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் தாளிப்பு வாசனை அடங்கியதும் வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. நாள்பட்டுப் படுத்தவர்கள் மேல் வீசுகிற தைல வாசனை. அதனோடு ஈர சிமெண்ட் வாசனையும் கலந்திருந்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். அப்புறம் சளப். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி சளப். அதன்பின் பூச்சை மட்டமாகத் தேய்க்கிற மரக்கட்டையின் சொரசொரப்பு, வட்டம் வட்டமாக. சின்ன வயதிலிருந்து அப்பாவின் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்ட சத்தம். அதில் அவள் ஏமாற வழியில்லை. தகரக் கதவுக்கு வெளியே யாரோ நிதானமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு?" என்றாள்.

சத்தம் நிற்கவில்லை. எதிரே பார்த்தாள். மரக்கதவில் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டைக் காணோம்.

கூடப் படித்த மன்னார்குடி அகல்யாவுக்கு போன் போட்டாள். "ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காத," என்று ஆரம்பித்து, நிலை இல்லாத கதவையும் காயாத சிமெண்டையும் சொன்னாள். அகல்யா சிரிக்கத்தான் செய்தாள். விளக்கைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"விளக்கு பக்கத்துல தண்ணி வச்சிருக்கா?"

"ஆமா. ஒரு டம்ளர்ல."

"ஜெபா, அது அடைப்பு ரூம்டி." அகல்யாவின் குரல் தணிந்தது. "சில நட்சத்திரத்துல யாராவது செத்துட்டா அந்த ரூம ஆறு மாசம் பூட்டி வச்சிருவாங்க. யாரும் படுக்க மாட்டாங்க. பொணத்தையும் வாசல் வழியா எடுக்க மாட்டாங்க. சுவத்த ஒடச்சு அதுவழியா எடுத்துட்டு, அன்னைக்கே கல்லு வச்சு அடைச்சிருவாங்க. செத்தவங்களுக்குத் திரும்பி வர்ற வழி தெரியக் கூடாதுன்னு."

"இங்க அடைக்கலையே. கதவுல்லா போட்டிருக்காவ."

"வாடகைக்கு ஆசப்பட்டு கதவ மாட்டிட்டாங்க போலருக்கு. பொணம் போன வழியா நீ உள்ள போயிருக்கடி. கிளம்பு. இப்பவே வெளிய வா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாலும் பரவால்ல."

ஜெபா மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிக்கிற ரகம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஹால் டிக்கெட்டைப் பையில் திணித்தாள். தாழைத் தள்ளி, தகரக் கதவை உள்பக்கமாக இழுத்தாள். கதவு சுலபமாகத் திறந்தது.

வெளியே சந்து இல்லை. சுவர் இருந்தது.

முழுச் சுவர். மேலிருந்து கீழ்வரை ஈரப் பூச்சு, விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. கையை வைத்தாள். விரல்கள் நகக்கண் ஆழம் வரை புதைந்தன, அதற்குப் பின்னால் கல் தடுத்தது. கையை எடுத்தபோதுதான் கவனித்தாள். அவள் விரல் தடத்துக்குச் சற்றுக் கீழே ஏற்கெனவே ஐந்து கோடுகள் இருந்தன. உள்ளே இருந்து யாரோ பிறாண்டிய கோடுகள்.

"அகல்யா! அகல்யா!"

"ஹலோ... ஜெபா? ஒண்ணுமே கேக்கலடி... ஹலோ?" இணைப்பு அறுந்தது.

ராஜகுமாரியின் எண்ணை அழுத்தினாள். மரக்கதவுக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில் போன் அடித்தது. டிவி சத்தம் குறைந்தது. "ஹலோ? யாருங்க?" என்ற குரல் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. "அக்கா, நான்தான், ஜெபா! கதவத் திறங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். "யாருன்னே தெர்ல, ஒரே எரைச்சலா கீது," என்று யாரிடமோ சொல்லிவிட்டு ராஜகுமாரி வைத்துவிட்டாள்.

தட்டாதே என்று சொல்லியிருந்த கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

டிவி அணைந்தது. கதவடி வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு சத்தமில்லாமல் விலகிப் போனது.

அதன் பின் எத்தனை முறை தட்டியும் யாரும் வரவில்லை. மரக்கதவில் முதுகைச் சாய்த்து விளக்கை ஒட்டி உட்கார்ந்தாள். பை கட்டிலில் கிடந்தது. போய் எடுக்கத் துணிவில்லை. பைக்குப் பக்கத்தில் மெத்தை லேசாக அமுங்கியிருந்தது. அப்போதுதான் அமுங்கியதா, முன்பே அப்படித்தானா? அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தைல வாசனை கூடியது. கட்டிலின் இரும்பு ஒரு முறை முனகியது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினாள். சிறுவயதிலிருந்து மனப்பாடமான வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே இருந்தாள்.

ஆரன் சத்தம் கேட்டது. இரண்டு முறை.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். கதவடிக் கோட்டில் காலை வெளிச்சம். வேம்புலி வந்துவிட்டார்! தேர்வு. கட்டிலைப் பார்த்தாள்.

பை இல்லை. மெத்தை நிமிர்ந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், சந்தில் செருப்புச் சத்தம். "வாரேன் அண்ணே!" என்றது ஒரு பெண் குரல்.

ஜெபாவின் குரல். அதே இழுப்பு. அதே நாசரேத் பேச்சு.

"இன்னாமா, நல்லா தூங்குனியா?" ராஜகுமாரி.

"நல்லாத் தூங்குனேன்க்கா. போயிட்டு வாரேன்."

"நல்லா எழுதும்மா."

"நான் உள்ள இருக்கேன்!" ஜெபா சுவரில் மோதினாள். "அண்ணே! போயிராதீங்க! அது நான் இல்ல!"

ஆட்டோ கிளம்பியது. தெரு முனையில் திரும்பியது. சத்தம் தேய்ந்து, நின்றுபோனது. கேட் மூடுவதற்குள், அவள் குரலில் பேசிய அது போய்ச் சேர்ந்துவிடும். அவள் எண்ணுள்ள மேசையில் உட்கார்ந்துவிடும். ஜெபா மரக்கதவுக்கு ஓடி, தலையாலேயே முட்டினாள்.

"அக்கா! நான் ஜெபாக்கா! பரீட்சைக்கு வந்த புள்ளக்கா!"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. "அய்யோ, கேளுங்க," ராஜகுமாரி அழுதாள். "அந்தப் பொண்ணு கொரல்லயே கத்துது."

"அந்தப் பொண்ணு போய்டிச்சா?" என்றார் ஹேமநாதன்.

"இப்பதான ஆட்டோல ஏத்தி உட்டேன்! ரூம எட்டிப் பாத்துட்டுதான் தகரக் கதவப் பூட்டிகினு வந்தேன். உள்ள ஈ, காக்கா இல்ல. வெளக்கு மட்டும்தான் எரியுது."

கதவருகே யாரோ மெல்ல வந்து உட்கார்ந்தார்கள். ஹேமநாதனின் குரல் கீழேயிருந்து, மரத்தை ஒட்டி, தழுதழுத்து வந்தது. "அம்மா. சத்தம் போடாத. புள்ளங்க பயப்புடுது. இன்னும் மூணு மாசந்தான். அதுக்கப்புறம் தொறந்துர்றேன். நாங்க பண்ணது தப்புதான். பொறுத்துக்கம்மா."

"நான் உங்க அம்மா இல்ல! அண்ணே, கதவத் திறங்க! கையெடுத்துக் கும்பிடுதேன்!"

எழுந்து போகிற காலடி. தூரத்தில் அவர் போனில் பேசினார். "அய்யாசாமி, உடனே வா. ஆமா, அம்மா ரூமுதான். ரெண்டு பக்கமும் அடைச்சிரு. கல்லு சந்துலயே கீது."

ஜெபா கத்தினாள். கத்திக் கத்தி, கடைசியில் குரலும் போயிற்று. தாகம் எடுத்தது. வேறு வழியில்லாமல் விளக்கருகே இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். விளக்கில் எண்ணெய் குறையவே இல்லை.

மணல் சலிக்கிற சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

குப்புறப் படுத்து, கதவடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெளிச்சக் கோட்டில் ஒரு கொத்தனாரின் பாதம், சிமெண்ட் அப்பிய விரல்கள். கோட்டின் ஓரத்தில் ஒரு செங்கல் வந்து உட்கார்ந்தது. சளப். அதன் பக்கத்தில் இன்னொன்று. கோடு பாதியாயிற்று. இன்னொன்று.

அப்பா வரிசையில் கடைசிக் கல்லை வைத்ததும், கரண்டிக் காம்பால் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவார்.

ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஜெபா அதில் தன் விரலை நீட்டினாள். கல் விரலில் இடித்தது. இழுத்துக்கொண்டாள்.

டொக். டொக்.