ஏமஸ் போட்ட கடைசி ஓட்டு

கதவைத் திறந்ததும் ஆர்வில் அலறிவிட்டான்.

"ஏமஸ்...!"

ஓட்டல் கட்டிலில் குறுக்காகக் கிடந்தான் ஏமஸ். ஆர்வில்லின் மனைவிக்கு அண்ணன். கழுத்தில் அவனுடைய நெக்டையே இறுகியிருந்தது. தொட்டுப் பார்த்தான்.

சில்லிட்டிருந்தது!

காலை ஒன்பது மணி. ஆர்வில் ரயிலிலிருந்து இறங்கி அரைமணிகூட ஆகவில்லை.

1908. ஒஹையோவில் கட்சி மாநாடு. கவர்னர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று மதியம் இரண்டு மணிக்கு ஓட்டெடுப்பு. மச்சான்கள் இருவருமே பிரதிநிதிகள்.

பின்னால் சுருட்டு வாசனை.

"கத்தாதே ஆர்வில்."

கர்னல் ப்ரூவிட்! கட்சியே அவர் சட்டைப்பையில். ஆர்வில் பதினோரு வருஷமாகப் பார்க்கும் போஸ்ட்மாஸ்டர் வேலை அவர் போட்ட பிச்சை.

"கர்னல் சார்... யாரோ கொன்னுட்டாங்க! போலீஸைக் கூப்பிடுங்க!"

"கூப்பிடலாம். ஓட்டு முடியட்டும்."

"என்ன சார் சொல்றீங்க?"

"ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துலதான் நம்ம ஆள் ஜெயிக்க முடியும். இவன் செத்தது தெரிஞ்சா இவனுக்குப் பதிலா மாற்றுப் பிரதிநிதியை உள்ளே விடுவாங்க. அவன் எதிர்கோஷ்டி. நம்ம கதை முடிஞ்சுது!"

போன வாரம்தான் ஆர்வில்லுக்கு ஏமஸ் கடிதம் எழுதியிருந்தான்... இந்தத் தடவை கர்னலின் ஆளுக்கு ஓட்டு போடமாட்டேன் என்று.

உயிரோடு இருந்தால் எதிர் ஓட்டு. செத்தாலும் எதிர் ஓட்டு. செத்தது யாருக்கும் தெரியாவிட்டால்...?

"சார்... நீங்கதானா...?"

"இப்படியெல்லாம் கேள்வி கேட்கறவனுக்குப் போஸ்ட் ஆபீஸ் எதுக்கு?" கர்னல் புகையை விட்டார். "உன் பொண்டாட்டி மேட்டிக்கு இருமல் எப்படி இருக்கு? மலை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கியாமே. உன் சம்பளம் நின்னா அங்கே எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?"

ஆர்வில் ஏமஸைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏமஸ் பேரைக் கூப்பிடும்போது நீ குரல் குடு. எண்ணூறு பேர், புகை, கூச்சல்... எவன் பார்க்கப்போறான்? உன்னைச் சுத்தி உட்காரப்போறது என் ஆளுங்க."

"இவன் அவளுக்கு அண்ணன் சார்..."

"எனக்கும் வருத்தம்தான்யா. பெரிய மலர்வளையமா சொல்லியிருக்கேன்!"

மதியம். மண்டபம் கொதித்தது. கீழே நாற்காலிகள் பறந்தன. மேடையில் ஒருவர் பெயர்களைப் படித்தார்.

"ஆர்வில் ஸ்டெம்பிள்!"

ஆர்வில் கர்னலின் ஆளுக்கு ஓட்டு போட்டான். நாலு பெயர் தள்ளி...

"ஏமஸ் ரட்கே!"

பக்கத்திலிருந்தவன் முழங்கையால் விலாவில் இடித்தான்.

"சொல்லுய்யா!"

மேட்டியின் எலும்பும் தோலுமான கைகள் கண்ணில் வந்தன. ஆர்வில் தலையைக் குனிந்தான். குரலை மாற்றி, கர்னலின் ஆள் பெயரைக் கத்தினான்.

ஒரே ஓட்டில் கர்னல் ஜெயித்தார்! தொப்பிகள் பறந்தன. பேண்டு முழங்கியது.

ஆர்வில் யார் கண்ணிலும் படாமல் ஓட்டலுக்குத் திரும்பினான். நெக்டையை அவிழ்த்தான். ஏமஸின் கண்களை மூடினான்.

"மன்னிச்சுடுடா மச்சான்... எனக்கு வேற வழி தெரியலை..."

கதவு படாரென்று திறந்தது.

"கையைத் தூக்கு!"

ஊர்ப் போலீஸ் தலைவர், ஷெரீப் க்ளாம்! கையில் துப்பாக்கி. பின்னால் கர்னல், தொப்பியை மார்பில் வைத்தபடி.

"ஐயா... நான் கொல்லலை! இவன் காலையிலேயே செத்துட்டான். அப்ப நான் ரயில்ல இருந்தேன். கண்டக்டரைக் கேளுங்க!"

"காலையிலயா?" என்றார் ஷெரீப். "ரெண்டு மணிக்கு ஓட்டு போட்டிருக்கானே! மாநாட்டு ரிஜிஸ்டர்ல இருக்குய்யா. அதுக்கப்புறம் இந்த ரூமுக்கு வந்தது நீ ஒருத்தன்தான்."

"டாக்டரைக் கூப்பிடுங்க... உடம்பைப் பார்த்தாலே தெரியும்..."

"மூணு மணிக்குச் செத்தான்னு டாக்டர் எழுதிட்டார்."

"அவர் இன்னும் வரவே இல்லையே!"

"எழுதிட்டாரே... அப்புறம் எதுக்கு வரணும்?"

ஷெரீப் விலங்கை மாட்டினார்.

"ஷெரீப்! அது ஏமஸ் இல்லை! அவன் பேர்ல கத்தினது நான்! கர்னல்தான் சொன்னார்!"

கர்னல் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். "பாவம், மச்சானைக் கொன்னுட்டுப் பினாத்தறான். ஆர்வில், போஸ்ட் ஆபீஸைப் பத்திக் கவலைப்படாதே. என் மருமகன் நாளைக்கே வந்து பார்த்துப்பான்."

"மேட்டி...?"

கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஷெரீப் ஆர்வில்லின் காதருகே குனிந்தார்.

"நம்ம கட்சியில செத்தவன் ஓட்டு போடறது சகஜம்தான்யா... ஆனா எவனும் இவ்வளவு சத்தமா போட்டதில்லை!"