ஆந்தைக்குக் கண்

கொட்டாஞ்சேனையில் பழைய வீடொன்றின் மாடியில் பிறெடியின் ஸ்டூடியோ இருந்தது. காலை ஒன்பது மணிக்கு நிஷாந்தினி படியேறியபோது முதலாளி கணினி முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் அவள், நுண்கலைப் பட்டம். பிறெடிக்கோ, 'சேர்' போட்டுக் கதைக்க ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

அவள் செய்த ஆந்தை திரையில் நின்றது. ஸ்திரிக்கைப்பெட்டி உடம்பு, விளக்குமாற்று ஈர்க்கில் சிறகு, பாக்குவெட்டி அலகு, முள்ளுக்கரண்டி நகம். எல்லாவற்றையும் ஒரே யன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து, நிழல் பிசகாமல் பொருத்த மூன்று கிழமை பிடித்தது. கண்காட்சிக்கு அனுப்ப அன்றுதான் கடைசி நாள். கீழ் மூலையில் பிறெடி தன் பெயரை அடித்திருந்தார். வெட்கங்கெட்ட மனிதர்.

கண் மட்டும் சரிவரவில்லை. பொத்தானிலும் உயிரில்லை, பிள்ளைகள் உருட்டும் கண்ணாடிப் போளையிலும் உயிரில்லை.

"இந்த மனிசிட கண்ணை வெட்டிப் போடு," என்று மேசையில் கிடந்த படமொன்றைத் தட்டினார். முகத்துவாரத்துப் பிறிஜெற் கிழவி. மறுநாள் அவர் செத்த முப்பத்தோராம் நாள். நினைவு மலருக்காக மகன் கொடுத்துவிட்டுப் போன படம்.

"செத்தவங்க கண்ணு சேர். நான் தொட மாட்டேன்."

"செத்தவ வந்து கேக்கவே போறா?"

படத்தை ஸ்கேன் செய்து அவரே வெட்டிப் பொருத்தினார், பாலர் வகுப்புப் பிள்ளை கத்தரிக்கோல் பிடித்த மாதிரி. அந்த இலட்சணத்திலும் ஆந்தை விழித்துக்கொண்டது.

அறைக்குள் தைல வாசனை எழுந்தது. வயதானவர்கள் நெற்றியில் தடவும் தைலம்.

யன்னல்கள் பூட்டித்தான் இருந்தன.

நிஷாந்தினி மேசையைப் பார்த்தாள். கடதாசிப் படத்தில் பிறிஜெற்றின் கண்கள் மூடியிருந்தன.

பிறெடி சுவரைப் பார்த்தார். விழாவொன்றில் மாலையும் கழுத்துமாக அவரே சிரிக்கும் பெரிய படம்.

அதிலும் கண்கள் மூடியிருந்தன.

"என்ட பேரை அழி," என்றார். "அந்தக் கண்ணை மனிசிக்கே திருப்பிக் குடு."

செருப்பையும் மறந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஓடினார். திருடும்போது இல்லாத பக்தி.

அவள் அவருடைய பெயரை அழித்தாள். சுவரில் பிறெடி கண் திறந்தார்.

அடுத்தது கண். விரல் போய், நின்றது. அதை எடுத்தால் ஆந்தை இல்லை. வீட்டுச் சாமான் குவியல். மூன்று கிழமை உழைப்பு. வெட்டியது அவர்தானே, நானில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அவரைப்போல நடுங்க அவளென்ன மடைச்சியா?

தன் பெயரை அடித்தாள். அனுப்பினாள். கிடைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று உடனே பதில் வந்தது.

தைல வாசனை இப்போது அவளுடைய சட்டையிலிருந்து வந்தது.

போன் அடித்தது. அப்பா. லயத்துச் சுவரில் மாட்டியிருக்கும் அவளுடைய பட்டமளிப்புப் படத்தைத் தினமும் துடைப்பவர்.

"ஏம் பாப்பா," என்றார் மெதுவாக, "ஒன் படத்துல கண்ணு தொறந்துதானே இருந்துச்சு?"