செல்வநாயகத்தின் பற்சில்லுகள்

புளியங்குளம் சந்தியில் கராஜ் வைத்திருந்த கதிர்காமநாதனின் பழைய காரில் மூன்றாவது கியர் நிற்காது. கியர்ப்பெட்டிக்குள் பற்சில்லுகள் தேய்ந்துபோய், வேகம் பிடித்ததும் கியர்த் தடி தானாகக் கழன்றுவிடும். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம். மனைவி அருந்ததிக்கோ நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வவுனியா ஆஸ்பத்திரிதான் என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல், ஓமந்தை வளைவில் மரத்தோடு மோதி நசுங்கிய காரின் பற்சில்லுகளை வாங்கி வந்தான்.

அந்தக் காரை ஓட்டியவன் வடக்கே உருத்திரபுரத்துச் செல்வநாயகம். வீட்டில் பிள்ளை பிறந்த சேதி கேட்டுத் வாயில் சுருட்டோடு தலைகால் தெரியாமல் ஓட்டி வந்தவன், அதன் முகம் பார்க்காமலே போய்விட்டான்.

செத்தவன் வண்டிச் சாமானைப் பூட்டினால், தேசிக்காயின்மேல் வண்டியை ஏற்றிக் கழிப்புச் செய்து அவன் ஆவியை விலக்கவேண்டும். நல்ல நேரம் முடியப்போகிறதே என்ற அவசரத்தில், பற்சில்லுகளைப் பூட்டுமுன்பே வெறும் காரைத் தள்ளித் தேசிக்காய்களை நசித்து முடித்தான் கதிர்காமநாதன். பூட்டிய பிறகு செய்தால் என்ன என்று அருந்ததி கேட்டாள். எல்லாம் ஒன்றுதான் என்று அவள் வாயை அடைத்தான். கெட்டிக்காரன் என்றுதான் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

மறுநாள் பின்னேரம் அவளுக்கு வலி கண்டது. மழை இருட்டு. இரண்டு பக்கமும் காடு. கியர் சொன்னபடி கேட்டது.

ஓமந்தை வளைவு வந்தது.

காருக்குள் சுருட்டு மணத்தது. கதிர்காமநாதன் சுருட்டுக் குடிப்பதில்லை.

கியர்த் தடியிலிருந்த அவன் கையை இன்னொரு கை அழுத்தியது.

குளிர்ந்த கை. கண்ணுக்குத் தெரியவில்லை.

தடி கழன்று ரிவர்சில் விழுந்தது. கார் வந்த வழியே, வடக்கே, பின்னுக்கு ஊர்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை. பின்சீற்றில் அருந்ததி பல்லைக் கடித்து முனகினாள். செத்தவன் தன் வீட்டுக்குப் போகிறான் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. தடியைப் பிடித்தபடியே கெஞ்சினான்.

"அண்ணை, என்ரை பிள்ளை செத்திடும். முதல்ல எங்களை ஆஸ்பத்திரியில விடுங்கோ. பிறகு உங்களோட வீட்டை வாறன்."

கார் நின்றது.

மெதுவாக முன்னுக்கு நகர்ந்தது. வவுனியா வரும்வரை கியர் கழலவேயில்லை. அந்தக் கையும் விலகவில்லை.

உள்ளே கொண்டுபோகும்போது அருந்ததி அவன் சட்டையை இறுகப் பிடித்தாள்.

"வாக்குக் குடுத்திட்டியள். இனி அந்தக் காரில ஏறாதேங்கோ."

ஓம் என்றான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை அழுதது. பெண் பிள்ளை, இருவரும் சுகம் என்று கதவிடுக்கால் சொன்ன நேர்ஸ், பிள்ளையைச் சுற்றிக் காட்டத் துணி கேட்டாள். சந்தோஷத்தில் அவன் விம்மிவிட்டான். துணிமூட்டை காருக்குள் இருந்தது. அதை எடுக்கத்தானே, ஏறப்போவதில்லையே என்று வாசலில் இறங்கினான்.

கார் வடக்குப் பார்த்துத் திரும்பி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சினைக் கிளப்பும் திறப்பு அவன் சட்டைப் பையில் இருந்தது.

சாரதியின் கதவு மூடியிருந்தது. பக்கத்து ஆசனத்தின் கதவு மட்டும் அவனுக்காகத் திறந்திருந்தது.